வேலி இல்லாத ஆற்றங்கரை: லுவாங்குவாவில் முதல்முறை தங்கப் போகிறவர்களுக்கு

ஜாம்பியாவின் கிழக்கே ஓடும் லுவாங்குவா ஆற்றின் குறுக்கே அணை கிடையாது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் கரையை அரித்துக்கொண்டு தன் போக்குக்கு வழி மாற்றிக்கொள்ளும். போன வருடம் ஆறு வளைந்த இடம் இந்த வருடம் தனிக் குளமாக நிற்கும். அந்தக் கரையில்தான் தங்கப் போகிறோம். தெற்கு லுவாங்குவா தேசியப் பூங்கா 9,050 சதுர கிலோமீட்டர். தேசியப் பூங்காவாக அறிவித்தது 1972இல் என்றாலும், வெளியாட்கள் வந்து தங்கி விலங்குகளைப் பார்க்கும் வழக்கம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1950இல் நார்மன் கார் என்பவர், அந்தப் பகுதியின் தலைவரான நிசெஃபுவின் சம்மதத்தோடு இங்கே ஒரு முகாம் போட்டார். வருமானத்தில் ஒரு பங்கு ஊருக்கு என்பது ஏற்பாடு. காட்டுக்குள் கால்நடையாகக் கூட்டிப்போகும் சஃபாரியும் அவர் வழியாகத்தான் இங்கே வேர் பிடித்தது.

நான் இதுவரை மூன்று முறை போய்த் தங்கியிருக்கிறேன். முதல்முறை போகிற நண்பர்கள் கேட்கிற கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறது: அங்கே வேலி இல்லை. யானை உங்கள் அறை வாசல் வழியாகப் போகும், நீர்யானை உங்கள் சுவரோரம் மேயும். எந்தத் துணி எடுப்பது, தின்பண்டத்தை எங்கே வைப்பது, ராத்திரி பாத்ரூம் போவது எப்படி என்பதெல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருகிறவைதான். இதை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

லாட்ஜைத் தேடும் முன் மாதத்தை முடிவு செய்ய வேண்டும். மே முதல் அக்டோபர் வரை மழை இருக்காது. மே மாதம் புல் இன்னும் உயரமாக, காடு பச்சையாக இருக்கும்; விலங்குகளைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஜூன், ஜூலை காலைகள் நல்ல குளிர். 10 டிகிரிக்கு இறங்கும்போது திறந்த ஜீப்பில் போனால் காதெல்லாம் மரத்துப்போகும். ஆகஸ்டு நடுவாந்திரம். செப்டம்பரில் ஆறு சுருங்கி மணல் திட்டுகள் தெரிய ஆரம்பிக்கும், விலங்குகள் எல்லாம் தண்ணீரைத் தேடிக் கரைக்கு வரும். அக்டோபரில் வெயில் 40 டிகிரியைத் தொடும். ஆனால் மிச்சமிருக்கும் மடுக்களில் நீர்யானைகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு கிடப்பதை அப்போதுதான் பார்க்க முடியும்.

முதல்முறை என்றால் செப்டம்பர் என்பேன். இன்னொரு காரணமும் உண்டு. அந்த மாதத்தில் செந்நிறப் பஞ்சுருட்டான்கள் ஆற்றின் செங்குத்தான மண்கரையில் வளை தோண்டிக் கூட்டம் கூட்டமாக முட்டையிட வருகின்றன. நம் ஊர் மின்கம்பியில் உட்காரும் பச்சைப் பஞ்சுருட்டானின் உறவுதான். உடம்பு பெரும்பாலும் குங்குமச் சிவப்பு. நூற்றுக்கணக்கில் ஒரே நேரத்தில் கரையை விட்டு எழும்போது அந்தக் கரையே எழுந்து பறக்கிற மாதிரி இருக்கும்.

நவம்பரில் மழை தொடங்கிவிட்டால் கறுப்புக் களிமண் சாலைகளில் வண்டி ஓடாது. உள்ளே இருக்கும் சிறு முகாம்கள் மூடிவிடும். மூடுவது என்றால் பூட்டிவிட்டுப் போவதில்லை, பிரித்தே எடுத்துவிடுவார்கள். கம்பும் புல்லும் மூங்கிலும் கொண்டு கட்டிய குடில்கள் அவை. மழை முடிந்து மே, ஜூனில் திரும்ப வந்து, ஆறு இப்போது எங்கே ஓடுகிறது என்று பார்த்து, புதுப் புல் வெட்டி மறுபடி கட்டுவார்கள்.

எங்கே தங்குவது, என்ன கேட்பது

ம்ஃபுவே என்ற ஊர்தான் வாசல். ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஊரும் வயல்களும், அந்தப் பக்கம் பூங்கா. பாலத்தைத் தாண்டினால் பிரதான நுழைவாயில். தங்குமிடங்கள் மூன்று வகை. ஊர்ப்பக்கக் கரையில், பூங்காவைப் பார்த்தபடி இருக்கும் லாட்ஜுகள். வருடத்தில் பெரும்பகுதி திறந்திருக்கும். பூங்காவுக்குள் வெகுதூரத்தில் ஆறேழு குடில்கள் மட்டுமே உள்ள சிறு முகாம்கள். செலவு அதிகம், வறண்ட மாதங்களில் மட்டும். மூன்றாவதாக, கரையோரக் கூடார மைதானங்கள். சொந்தக் கூடாரத்தோடு வருகிறவர்கள் மிகக் குறைந்த செலவில் தங்கிவிட்டு, சஃபாரிக்கு மட்டும் தனியாகப் பணம் கட்டலாம். ஊர்ப்பக்கம் என்பதால் விலங்கு வராது என்று நினைத்துவிடாதீர்கள். யானைகள் ஆற்றைக் கடந்து வரும், போகும்.

என் யோசனை: குறைந்தது நான்கு இரவு. முடிந்தால் இரண்டு இரவு ஊர்ப்பக்க லாட்ஜில் பழகிக்கொண்டு, அப்புறம் இரண்டு மூன்று இரவு உள்முகாமுக்குப் போங்கள். ஒரே ஒரு இரவுக்கு இவ்வளவு தூரம் போவது வீண்.

பணம் கட்டும் முன் மின்னஞ்சலில் சிலவற்றை எழுதிக் கேட்டுவிடுங்கள். சொல்லும் கட்டணத்தில் சாப்பாடு, காலை மாலை சஃபாரி, பூங்கா நுழைவுக் கட்டணம், விமான நிலையத்திலிருந்து கூட்டி வருவது எல்லாம் அடங்குமா? பெரும்பாலான உள்முகாம்களில் அடங்கும், கூடார மைதானங்களில் அடங்காது. கழிப்பறை அறையோடு சேர்ந்ததா, வெளியே நடக்க வேண்டுமா? இரவு வண்டிச் சவாரி உண்டா? நடைப்பயணம் உண்டா? குழந்தைகளோடு போகிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும், ஏனென்றால் 12 வயதுக்குக் குறைந்தவர்களை வழக்கமாக நடைக்குச் சேர்ப்பதில்லை. சில முகாம்கள் தங்கவே அனுமதிப்பதில்லை. சைவம் என்றால் அதையும் முதல் கடிதத்திலேயே எழுதுங்கள். துணி துவைத்துத் தருவார்களா என்றும் கேளுங்கள். பல இடங்களில் துவைப்பது ஆண்கள். உள்ளாடை துவைப்பது அவர்கள் வழக்கத்துக்கு ஒவ்வாது. அறையில் சோப்புத்தூள் வைத்திருப்பார்கள், அதை மட்டும் நாமே அலசிக்கொள்ள வேண்டும்.

ஊசியும் மாத்திரையும்

லுவாங்குவா பள்ளத்தாக்கில் மலேரியா உண்டு, அதுவும் மூளையைத் தாக்கக்கூடிய ஃபால்சிபாரம் வகை. நம் ஊரில் கொசுக்கடி பழகியதுதானே என்று தடுப்பு மாத்திரையைத் தவிர்க்காதீர்கள். மருத்துவரிடம் போங்கள். அடோவாகோன் - புரோகுவானில் என்றால் போவதற்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கி, திரும்பி வந்த பிறகும் 7 நாள் சாப்பிட வேண்டும். டாக்சிசைக்ளின் என்றால் திரும்பிய பிறகு 28 நாள். அது வெயிலில் தோலைச் சீக்கிரம் பொசுக்கும். எது உங்களுக்குச் சரி என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி தனி விஷயம். ஜாம்பியாவின் தலைநகரான லுசாகாவுக்கு அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாக மாறிப் போகும் பயணம் என்றால் கவனம் தேவை, ஏனென்றால் எத்தியோப்பியாவும் கென்யாவும் அந்தக் காய்ச்சல் உள்ள நாடுகள். இந்தியா திரும்பும்போது சான்றிதழ் கேட்டால் கையில் இருக்க வேண்டும். ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், ஆகவே கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போட முடியாது. சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது, காட்டிலிருந்து விமானத்தில் தூக்கிச் செல்லும் செலவும் அதில் அடங்குமா என்று பார்த்து எடுங்கள்.

பை கட்டும்போது

சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியை வீட்டில் விட்டுவிடுங்கள். சிறு விமானத்தில் போகும்போது சாமான் அறை சின்னது. மடங்கும் துணிப்பைதான் உள்ளே போகும். எடை வரம்பு பல நேரம் 15 கிலோதான்.

துணியின் நிறத்தை நான் முதல்முறை பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடர்நீல ஜீன்ஸ் ஒன்றுதான் என்னிடம் நல்லதாக இருந்தது, அதையே போட்டுப் போனேன். காட்டுக்குள் செட்சீ ஈ என்று ஒன்று இருக்கிறது. நம் வீட்டு ஈயைவிடச் சற்றுப் பெரிது, துணிக்கு மேலேயே குத்தும், சுள்ளென்று வலிக்கும். அதற்கு நீலமும் கறுப்பும் என்றால் உயிர். அந்த ஈயைப் பிடிக்கக் காட்டுக்குள் தொங்கவிடும் துணிப் பொறிகளே நீலமும் கறுப்புமாகத்தான் இருக்கும். அன்று வண்டியில் இருந்த ஆறு பேரில் என் முழங்காலைச் சுற்றித்தான் எல்லா ஈயும். ஓட்டுநர் வண்டியின் பின்னால் ஒரு தகர டப்பாவைத் தொங்கவிட்டு அதில் காய்ந்த யானை லத்தியைப் புகையவிட்டார். அந்தப் புகைக்கு ஈ கொஞ்சம் விலகியது. ஆகவே காக்கி, பழுப்பு, மங்கின பச்சை, சாம்பல் நிறங்களை எடுங்கள். முழுக்கை சட்டை, முழுக்கால் சட்டை. இராணுவ உடை போலப் பச்சைத் திட்டு போட்ட துணி மட்டும் வேண்டவே வேண்டாம். ஜாம்பியாவில் சாதாரண ஆட்கள் அதை அணிவது சட்டப்படி குற்றம்.

மூடிய காலணி, நன்றாகப் பழகியதாக. காலையில் குளிருக்கு ஸ்வெட்டரும் காதை மூடும் குல்லாவும். நெற்றியில் கட்டும் டார்ச். பைனாகுலர் ஆளுக்கு ஒன்று இருக்கட்டும். இரண்டு பேருக்கு ஒன்று என்று போனால், நல்ல காட்சி வரும்போது ஒருவர் எப்போதும் காத்துக்கொண்டு இருப்பார். எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8x42 வகை போதும். கேமராவைச் சுற்ற ஒரு பழைய துண்டு, ஏனென்றால் தூசி மாவு போல இருக்கும். நம் ஊர் வட்டமான மூன்று முள் பிளக் அங்கே சில இடங்களில் செல்லும்; பல இடங்களில் பிரிட்டிஷ் சதுர முள்தான். ஒரு அடாப்டர் எடுங்கள். டிரோனை எடுத்துப் போகாதீர்கள்.

டாலர் நோட்டுகள் புதியதாக, கிழிசல் இல்லாமல் இருக்கட்டும். பழைய வருடத்து நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஊரில் சின்னச் செலவுக்கு அவர்கள் பணமான குவாச்சா கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள்.

போய்ச் சேர்ந்ததும்

லுசாகாவிலிருந்து ம்ஃபுவேக்கு உள்நாட்டு விமானம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். சாலை வழி என்றால் சிப்பாட்டா நகரம் வரை போய் அங்கிருந்து திரும்ப வேண்டும், ஒரு முழு நாள் பயணம். இருட்டிய பிறகு அந்தச் சாலையில் ஓட்ட வேண்டாம். விளக்கில்லாத சைக்கிள்களும் ஆடுகளும் குறுக்கே வரும்.

விமான நிலையத்தில் கூட்டிப்போக வந்தவரிடம் "முலி ப்வான்ஜி" என்று சொல்லுங்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று நியாஞ்சா மொழியில் கேட்பது அது. நன்றிக்கு "சிகோமோ". அங்கே எதைக் கேட்பதாக இருந்தாலும் முதலில் நலம் விசாரிப்பது மரியாதை. நேராக "என் பை எங்கே" என்று ஆரம்பிப்பது முரட்டுத்தனமாகத் தெரியும். இந்த ஒரு வழக்கத்தைப் பிடித்துக்கொண்டால் அடுத்த நாலு நாளும் எல்லாரும் உங்களோடு பேசுவார்கள்.

லாட்ஜில் இறங்கியதும் குளிர்ந்த துண்டு, ஒரு கிளாஸ் ஜூஸ், அப்புறம் ஒரு பத்து நிமிடப் பேச்சு. பயணக் களைப்பில் அந்தப் பேச்சைக் காதில் வாங்காமல் விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வாங்குங்கள். எந்தப் பாதையில் நடக்கலாம், கரையின் எந்த விளிம்பு அரித்துப் போயிருக்கிறது, அறையில் இருக்கும் விசிலை அல்லது ஹாரனை எப்போது ஊத வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் வரும். ஆற்றில் கால் நனைக்கக்கூட இறங்கக் கூடாது. லுவாங்குவாவில் முதலைகள் ஏராளம். கலங்கின தண்ணீரில் ஒரு முழம் தள்ளி இருந்தாலும் தெரியாது.

அறையும் இரவும்

எளிய லாட்ஜ் அறை என்றால் இப்படித்தான் இருக்கும்: கீழே சிமென்ட் அல்லது மண் தரை, இடுப்பளவு சுவர், மேலே நாணல் தட்டி, புல் கூரை, ஆற்றைப் பார்த்த பக்கம் திறப்பு. கட்டிலைச் சுற்றிக் கொசுவலை. சூரிய ஒளி விளக்கு ஒன்று. செல்போன், கேமரா சார்ஜ் போடப் பொதுக்கூடத்துக்குப் போக வேண்டியிருக்கும், பகலிலேயே போட்டுவிடுங்கள்.

குளிக்க வாளி ஷவர். மரக்கிளையில் கப்பி வைத்து வாளியை மேலே ஏற்றியிருப்பார்கள், அடியில் ஷவர் தலை. எந்த நேரத்துக்கு வெந்நீர் வேண்டும் என்று சொல்லிவிட்டால், விறகடுப்பில் காய்ச்சி ஊற்றி ஏற்றிவிடுவார்கள். உடம்பை நனைத்து, குழாயை மூடி, சோப்பு போட்டு, மறுபடி திறக்க வேண்டும். நம் பக்கத்தில் ஒரு பக்கெட் தண்ணீரில் குளித்து வளர்ந்தவர்களுக்கு இது தாராளமாகவே போதும். மேலே கூரை இருக்காது. அந்தி நேரத்தில் குளித்தால் தலைக்கு மேல் வௌவால்கள் பறப்பதைப் பார்த்துக்கொண்டே குளிக்கலாம்.

அறைக்குள் தின்பண்டம் எதுவும் வைக்கக் கூடாது. சொன்னதைக் கேட்காமல், வீட்டிலிருந்து கொண்டுபோன நேந்திரம் சிப்ஸ் பொட்டலத்தைப் பையின் அடியில் ஒளித்து வைத்தேன். காலைச் சவாரி முடிந்து வந்தால் பையின் ஜிப் பிய்ந்து, துணியெல்லாம் தரையில். வெர்வெட் குரங்குகள் கூரையில் உட்கார்ந்து சாவகாசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. குரங்கோடு போனால் பரவாயில்லை. பழ வாசனைக்கு யானை வந்தால் நாணல் சுவர் நிற்காது. ஊறுகாய், பொடி, பழம் எல்லாவற்றையும் சமையலறையில் கொடுத்து வைத்துவிடுங்கள். கேட்டபோது தருவார்கள்.

இருட்டிய பிறகு அறைக்குப் போகவும் அறையிலிருந்து வரவும் துணைக்கு ஆள் வருவார், கையில் பெரிய டார்ச்சோடு. பத்தடிதானே என்று தனியாகக் கிளம்பாதீர்கள். நீர்யானை பகலெல்லாம் தண்ணீரில் கிடந்துவிட்டு இருட்டியதும் புல் மேயக் கரையேறும். ஒரு ராத்திரிக்கு 40 கிலோ வரை தின்னும். லாட்ஜின் நடுவில் தண்ணீர் விட்டு வளர்த்த புல்தான் அதற்கு மிகவும் பிடித்தது. மேயும் நீர்யானைக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஒரு ஆள் நின்றால், அது ஆற்றை நோக்கித்தான் ஓடும், நேராக ஆள் மேலேயே. அது நம்மைவிட வேகமாக ஓடும்.

நடு ராத்திரியில் சுவருக்கு வெளியே "கரக், கரக்" என்று யாரோ துணியைக் கிழிக்கிற மாதிரி சத்தம் கேட்டால், அது நீர்யானை உதட்டால் புல்லைப் பிடுங்கும் சத்தம். மூச்சு விடுவதுகூடக் கேட்கும். முதல் இரவு எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. செய்ய வேண்டியது: படுத்தபடியே இருங்கள். டார்ச் அடிக்காதீர்கள், பேசாதீர்கள், வெளியே எட்டிப் பார்க்காதீர்கள். அதற்கு உங்களிடம் வேலை எதுவும் இல்லை, மேய்ந்துவிட்டுப் போய்விடும். தூரத்தில் கீழிருந்து மேலே ஏறும் "ஊ... ஊப்" கழுதைப்புலி. வயிற்றிலிருந்து வந்து மெல்ல மெல்ல அடங்கும் உறுமல் சிங்கம். பல கிலோமீட்டருக்கு அப்பாலும் இருக்கலாம். கழிப்பறை வெளியே என்றால், படுக்கப் போகும் முன்பே போய் வந்துவிடுங்கள், சாயந்திரத்துக்குப் பிறகு தண்ணீரை அளவாகக் குடியுங்கள். அவசரம் என்றால் தயங்காமல் காவல்காரரைக் கூப்பிடுங்கள். அவர் விழித்திருப்பதே அதற்காகத்தான்.

அக்டோபரில் புழுக்கம் தாங்காவிட்டால், அங்கே பெண்கள் இடுப்பில் சுற்றும் சிட்டெங்கே துணியை வாங்கி, நனைத்துப் பிழிந்து போர்த்திக்கொண்டு படுங்கள். அது காய்வதற்குள் தூங்கிவிடலாம்.

காலை நடை

ஐந்து மணிக்கெல்லாம் "நாக், நாக்" என்று வாயாலேயே சொல்லி எழுப்புவார்கள், தட்டக் கதவு இல்லை. நெருப்பின் அருகே கஞ்சி, ரொட்டி, டீ. ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும்.

நடைக்கு வரிசை உண்டு. முன்னால் பூங்காத் துறையின் ஆயுதம் ஏந்திய காவலர், அடுத்து கைடு, பின்னால் நாம் ஒருவர் பின் ஒருவராக, கடைசியில் டீ பிளாஸ்க்கைச் சுமந்து வருகிறவர். பேச வேண்டும் என்றால் நாக்கைச் சொடுக்கினால் போதும், நிறுத்துவார்கள். எது வந்தாலும் ஓடக் கூடாது. நில் என்றால் நிற்க வேண்டும், மெல்லப் பின்னால் வா என்றால் வர வேண்டும். கைடு கையில் சின்னத் துணிப்பை ஒன்று வைத்திருப்பார், உள்ளே சாம்பல். அடிக்கடி அதை உதறி, சாம்பல் எந்தப் பக்கம் மிதந்து போகிறது என்று பார்ப்பார். காற்று நம்மிடமிருந்து யானைக்குப் போகும் பக்கமாக அவர் ஒருநாளும் நெருங்க மாட்டார்.

நடையில் சிங்கத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்று போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். நடை மண்ணைப் பார்ப்பதற்கு. யானையின் முன்பாதத் தடம் வட்டம், பின்பாதத் தடம் நீள்வட்டம் என்று குனிந்து காட்டுவார்கள். நீர்யானைத் தடத்தில் நான்கு விரல். சிட்டுக் குருவியைவிடச் சற்றுப் பெரிய தூக்கணாங்குருவி இனம் ஒன்று பெரும்பாலும் மரத்தின் மேற்குப் பக்கம்தான் கூடு கட்டும்; வழி தவறினால் அதை வைத்தே திசை சொல்லலாம் என்றார் ஒரு கைடு. இன்னொரு நாள், மணலில் புனல் மாதிரி ஒரு சின்னக் குழியைக் காட்டி, ஒரு புல்லை எடுத்து ஓரத்து மணலை மெல்லத் தட்டினார். அடியிலிருந்து ஒரு பூச்சி மணலை வாரி எறிந்தது. நம் குழியானை! சிறுவயதில் திண்ணையோரம் உட்கார்ந்து எறும்பைத் தள்ளிவிட்டு விளையாடியது அப்படியே நினைவுக்கு வந்தது. எங்கள் மொழியில் இதற்கும் யானை என்றுதான் பெயர் என்றேன். அவர் அந்தச் சொல்லை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

நிழலுக்கு ஒதுங்கும்போது மேலே பாருங்கள். புடலங்காயைத் தடியாக்கியது போலக் காய்கள் தொங்கும் மரம் என்றால் அடியில் உட்காரக் கூடாது. நம் பக்கம் சிவகுண்டலம் என்று சொல்லும் மரம்தான் அது. காய் ஒவ்வொன்றும் பல கிலோ எடை. அதன் கருஞ்சிவப்புப் பூக்கள் இரவில் மலர்ந்து விடியலில் உதிரும். அதைத் தின்ன மான்கள் அடியில் காத்திருக்கும், மான்களுக்காகச் சிறுத்தை மேலே காத்திருக்கும்.

சாப்பாடு

சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிட்டால் சிரமமில்லை. உள்முகாம்களுக்குக் காய்கறி லாரியில் எப்போதாவதுதான் வரும்; வந்து இறங்கிய பிறகு சொன்னால் உருளைக்கிழங்கும் முட்டையுமாகவே ஓடும். ஒரு வேளையாவது ஊழியர்கள் சாப்பிடுவதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். ந்ஷிமா என்பது வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டியது. நம் களி மாதிரியேதான், கொஞ்சம் கெட்டி. கை கழுவத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவார்கள். வலது கையால் கிள்ளி, உருட்டி, கட்டைவிரலால் ஒரு குழி அழுத்தி, தொடுகறியை அள்ளிச் சாப்பிட வேண்டும். வேர்க்கடலைப் பொடி போட்டு வேகவைத்த பூசணி இலைக் கீரை அதற்கு அவ்வளவு பொருத்தம். கபென்டா என்ற சின்னக் கருவாடு சில நேரம் கீரையில் கலந்திருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். நாம் கையால் சாப்பிடுவதைப் பார்த்ததும் சமையல்காரர் முகம் மலர்ந்ததை நான் மறக்கவில்லை.

மிளகாய் கேட்டால் தருவார்கள், நல்ல காரம். ம்ஃபுவே சுற்றுவட்டார விவசாயிகள் யானையிடமிருந்து பயிரைக் காப்பதற்கும் மிளகாயைத்தான் நம்புகிறார்கள். யானை லத்தியோடு மிளகாய்த் தூளைக் கலந்து கட்டியாக்கிக் காயவைத்து, வயலோரத்தில் புகையவிடுவார்கள். யானைக்கு அந்த நெடி ஆகாது.

நண்பகலும் மாலையும்

பத்து, பதினொரு மணிக்குத் திரும்பிவிடுவீர்கள். அடுத்த சவாரி நாலு மணிக்கு. இந்த ஐந்தாறு மணி நேரத்தைத் தூங்கித் தீர்ப்பவர்கள்தான் அதிகம். ஒரு நாளாவது தூங்காதீர்கள். நாற்காலியை நிழலில், கரை விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளிப் போட்டு, பைனாகுலரோடு உட்காருங்கள். ஒரு செப்டம்பர் மதியம் எதிர்க்கரையில் ஏழெட்டு யானைகள் வந்து நின்றன. பெரியது முதலில் இறங்கித் தும்பிக்கையால் ஆழம் பார்த்தது. அப்புறம் ஒவ்வொன்றாக இறங்கின. நடு ஆற்றில் குட்டி முழுகி, தும்பிக்கை நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே வளைந்து தெரிந்தது. இரண்டு பெரிய யானைகள் நீரோட்டத்தின் பக்கம் ஒன்றும் எதிர்ப்பக்கம் ஒன்றுமாகக் குட்டியை நடுவில் வைத்து நகர்ந்தன. எங்கள் கரையில் ஏறியதும் குட்டி மண்ணில் புரண்டது. இருபது நிமிடம் இருக்கும். அந்த நேரத்தில் லாட்ஜில் விழித்திருந்த விருந்தாளி நான் ஒருத்திதான்.

இந்த யானைகளின் பழைய பாதைகளில்தான் நாம் வீடு கட்டியிருக்கிறோம். ம்ஃபுவே லாட்ஜில் ஒரு யானைக் குடும்பம் அக்டோபர் கடைசி, நவம்பரில் அங்கிருக்கும் காட்டு மாமரத்தின் பழத்துக்காக வரவேற்பறை வழியாகவே படியேறிப் போகும். யாரும் தடுப்பதில்லை.

மாலைச் சவாரியில் சூரியன் இறங்கும் நேரத்தில் வண்டியை ஆற்றோரம் நிறுத்தி ஏதாவது குடிக்கத் தருவார்கள். அதற்குப் பிறகுதான் லுவாங்குவாவின் தனிச்சிறப்பு. பல நாடுகளின் தேசியப் பூங்காக்களில் இருட்டிய பின் வண்டி ஓட அனுமதியில்லை; இங்கே உண்டு. ஒருவர் விளக்கைப் பிடித்து இரு பக்கமும் வீசிக்கொண்டே வருவார். சிறுத்தையைப் பார்க்க இதைவிட நல்ல இடம் குறைவு. கைடின் காதைக் கவனியுங்கள்: புக்கு மான் விசில் அடிப்பது போலக் கத்தினாலோ, பபூன் குரங்குகள் குரைத்தாலோ அவர் வண்டியை அணைத்துவிடுவார். அப்போது நீங்களும் பேச்சை நிறுத்துங்கள். வண்டியில் எழுந்து நிற்காதீர்கள். விலங்கு வேட்டையில் இருக்கும்போது இன்னும் கிட்டப் போங்கள் என்று கைடை வற்புறுத்தாதீர்கள். லுவாங்குவா பள்ளத்தாக்கில் மட்டுமே வாழும் தார்னிகிராஃப்ட் ஒட்டகச்சிவிங்கியை மட்டும் பகல் வெளிச்சத்திலேயே பார்த்துவிடுங்கள். காண்டாமிருகம் கேட்காதீர்கள், இங்கே கள்ளவேட்டையில் அழிந்துபோயிற்று. வடக்கு லுவாங்குவாவில்தான் 2003 முதல் திரும்பக் கொண்டுவந்து விட்டு வளர்க்கிறார்கள்.

கிளம்பும் நாள்

கைடுக்குத் தனியாகவும், மற்ற ஊழியர்களுக்குப் பொதுப்பெட்டியிலும் அன்பளிப்பு வைப்பது வழக்கம். எவ்வளவு என்பதை லாட்ஜ் மேலாளரிடம் கேட்டே வையுங்கள். சமையலறையிலும் துணி துவைக்கும் இடத்திலும் இருப்பவர்களை நாம் பார்த்தே இருக்க மாட்டோம், பெட்டிப் பணம் அவர்களுக்கும் போகும். விமான நிலையம் போகும் வழியில் ஊரில் நிறுத்தச் சொல்லி, சிட்டெங்கே துணியோ கையால் வண்ணம் தீட்டிய துணிகளோ வாங்கலாம். பிள்ளைகளுக்கு மிட்டாய், பேனா வீசாதீர்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள்.

காலணியைப் போடும் முன் தலைகீழாக உதறுங்கள். பையையும் ஒருமுறை கொட்டிப் பாருங்கள். மலேரியா மாத்திரையை வீட்டுக்கு வந்ததும் நிறுத்திவிடாமல் கடைசி மாத்திரை வரை சாப்பிடுங்கள். அதையும் மீறி அடுத்த சில மாதங்களில் காய்ச்சல் வந்தால், சாதாரணக் காய்ச்சல் என்று வீட்டில் படுக்காமல் அன்றே இரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். மருத்துவர் கேட்பதற்குள் நீங்களே முதலில் சொல்லுங்கள்: ஜாம்பியாவில் ஆற்றங்கரையில் தங்கி வந்திருக்கிறேன் என்று.